சிங்கப்பூர் வீட்டில் ஆன்டெனா வழியாக வசந்தம்: முழுமையான வழிகாட்டி

பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வரும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செயலி, கடவுச்சொல், உள்நுழைவு என்று எதுவும் வேண்டாம். ரிமோட்டில் ஓர் எண்ணை அழுத்தினால் தமிழ்ச் செய்தி வர வேண்டும், அவ்வளவுதான். சிங்கப்பூரில் அதற்கு மாதக் கட்டணம் தேவையில்லை, இணைய இணைப்பும் தேவையில்லை. ஒரு சிறிய ஆன்டெனாவும், ஒளிபரப்பு அலையைப் படிக்கும் சரியான ட்யூனரும் போதும்.

இருந்தும் புதிதாக வந்தவர்கள் பலர் இதில் தடுக்கி விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பெரும்பாலும் கருவியில் குறை இருப்பதில்லை, வேலை செய்யும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. தொலைக்காட்சிக்குப் பின்னால் ஆன்டெனாவைப் போட்டுவிட்டுச் சேனல் தேடுகிறார்கள். ஒன்றும் வராமல் போனால் மறுபடி தேடுகிறார்கள், அப்புறம் இன்னும் விலை உயர்ந்த ஆன்டெனாவை வாங்குகிறார்கள். முதலில் ட்யூனரைச் சரிபார்த்து, அடுத்து ஜன்னலைக் கண்டுபிடித்து, சேனல் தேடலைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால் ஒரு மாலை நேரத்தில் வேலை முடிந்துவிடும். கீழே உள்ள படிகளை எண் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. என்ன வரும், என்ன வராது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இலவசமாக வருபவை சிங்கப்பூர் ஒளிபரப்பு நிறுவனமான மீடியாகார்ப்பின் ஆறு சேனல்கள்: சேனல் 5, சேனல் 8, சேனல் யு, சூரியா, வசந்தம், சிஎன்ஏ. இவற்றுள் தமிழ்ச் சேனல் வசந்தம். ஒக்டோ என்ற சேனல் 2019 மே மாதம் சேனல் 5-இல் இணைந்துவிட்டது. பழைய பட்டியலைப் பார்த்து அதைத் தேட வேண்டாம். தொலைக்காட்சி உரிமக் கட்டணமும் 2011-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. அதனால் எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து ஒளிபரப்பாகும் தனியார் சேனல்கள் இந்த வழியில் வரவே வராது. எந்த ஆன்டெனா வாங்கினாலும் வராது. அவை வேண்டுமென்றால் சிங்டெல் அல்லது ஸ்டார்ஹப்பின் கட்டணத் தொலைக்காட்சி ஒரு வழி. இதைத் தொடக்கத்திலேயே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். எல்லா வேலையும் முடிந்த பிறகு "சீரியல் எங்கே?" என்ற கேள்வி வராமல் இருக்கும்.

ஊரிலிருந்து டிஷ் கொண்டுவரும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் வீட்டில் செயற்கைக்கோள் டிஷ் வைக்க அனுமதி இல்லை.

2. தொலைக்காட்சியில் டிவிபி-டி2 இருக்கிறதா என்று பாருங்கள்

சிங்கப்பூரில் அனலாக் ஒளிபரப்பு 2019 ஜனவரித் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. இப்போது இருப்பது டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறை மட்டும். தொலைக்காட்சியிலோ அதனுடன் இணைக்கும் பெட்டியிலோ இந்த முறையைப் படிக்கும் ட்யூனர் இல்லையென்றால், மீதி எதைச் செய்தும் பயனில்லை. அதனால்தான் இந்தச் சோதனை முதலில் வருகிறது.

சிங்கப்பூரில் அண்மைக் காலத்தில் வாங்கிய பெட்டிகளில் பெரும்பாலும் இது இருக்கும். டிஜிட்டல் ஒளிபரப்புக்கு ஏற்றது என்று காட்டும் பச்சை நிற டிக் குறி அட்டைப் பெட்டியிலோ திரையின் ஓரத்திலோ ஒட்டப்பட்டிருக்கலாம். குறி இல்லையென்றால் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணை இணையத்தில் தேடி, ட்யூனர் என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

அந்த வரியின் கடைசி எழுத்துவரை படிக்க வேண்டும். டிவிபி-டி என்று முடிந்தால் போதாது, டி2 என்று இருக்க வேண்டும். டி2 ட்யூனர் பழைய டி ஒளிபரப்பையும் படிக்கும், டி ட்யூனரால் டி2 ஒளிபரப்பைப் படிக்க முடியாது. எஸ், எஸ்2 என்றால் செயற்கைக்கோள். சி என்றால் கேபிள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த தொலைக்காட்சி என்றால் கூடுதல் கவனம் தேவை. இந்தியாவில் விற்கும் மாடல்கள் சிலவற்றில் டி2 இருக்கிறது, பலவற்றில் இல்லை. அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரும் பெட்டிகள் முற்றிலும் வேறு முறைக்காகச் செய்யப்பட்டவை. மலேசியாவில் அண்மையில் வாங்கியது பெரும்பாலும் பொருந்தும், அங்கும் டி2 முறைதான். ஊரில் பயன்படுத்திய டிடிஎச் பெட்டியும் கேபிள் பெட்டியும் இங்கே உதவாது. வானொலி அலையைப் படிக்கும் பகுதியே அவற்றில் வேறு.

ட்யூனர் பொருந்தாவிட்டால் புதிய தொலைக்காட்சி வாங்க வேண்டாம். எச்டிஎம்ஐ துளை இருந்தால் போதும், டிவிபி-டி2 செட் டாப் பாக்ஸ் ஒன்றை இணைத்துக்கொள்ளலாம்.

3. கடைக்குப் போகும் முன் பட்டியல் போடுங்கள்

சிம் லிம் டவரிலும் முஸ்தஃபாவிலும் அக்கம்பக்கத்து மின்சாதனக் கடைகளிலும் இந்தப் பொருள்கள் கிடைக்கும். ஆனால் "டிவி பாக்ஸ்" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு பெட்டியைத்தான் எடுத்துத் தருவார்கள். அதில் ஆன்டெனா துளையே இருக்காது, இணையம் இல்லாமல் இயங்கவும் செய்யாது. கட்டணச் சேனல்களை அனுமதியில்லாமல் காட்டுவதற்காகத் தயார்செய்யப்பட்ட பெட்டிகளை விற்பதை 2021-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தடை செய்கிறது. "எல்லாத் தமிழ்ச் சேனலும் வரும், மாதக் கட்டணம் இல்லை" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். கடையில் "டிவிபி-டி2 பாக்ஸ்" என்றே கேளுங்கள். பின்புறத்தில் ஆன்டெனா துளை இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அடுத்தது ஆன்டெனா. "டிஜிட்டல் ஆன்டெனா", "எச்டி ஆன்டெனா", "4கே ஆன்டெனா" என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்பி அதிக விலை கொடுக்காதீர்கள். ஆன்டெனாவுக்கு அனலாக், டிஜிட்டல் என்ற வேறுபாடே இல்லை. அது எந்த அலைநீளத்துக்குச் செய்யப்பட்டது என்பதுதான் கணக்கு. இங்கே தேவைப்படுவது யுஎச்எஃப் என்ற அலைவரிசைத் தொகுதிக்கானது. இழுத்து நீட்டும் இரண்டு நீளக் கம்பிகள் மட்டும் உள்ள பழைய வகை இதற்குச் சரிவராது. நடுவில் வளையமோ குட்டையான கம்பிகளோ உள்ளது வேலை செய்யும். தட்டையான தாள் போன்ற வகையும் நல்லது, கண்ணாடியில் ஒட்டி வைப்பது எளிது.

பெருக்கி உள்ள ஆன்டெனா வாங்குவதா, இல்லாததா? முதலில் இல்லாததை வாங்குங்கள் என்பதே என் கருத்து. பெருக்கி வரும் அலையையும் இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். ஜன்னலில் நல்ல அலை கிடைக்கும் வீட்டில் அது ட்யூனரைத் திணறடித்து, வந்துகொண்டிருந்த சேனலையும் கெடுத்துவிடும். நீளமான கேபிள் தவிர்க்க முடியாத வீட்டில் மட்டும் அது உதவும்.

கேபிள் 75 ஓம் கோஆக்சியலாக இருக்கட்டும், ஆர்ஜி6 வகை என்றால் இன்னும் நல்லது. நீளம் ஐந்து முதல் பத்து மீட்டர்வரை வாங்குங்கள். ஆன்டெனாவோடு வரும் ஒன்றரை மீட்டர்க் கேபிள்தான் பலரையும் தோற்கடிக்கிறது. அது ஜன்னலை எட்டாததால் ஆன்டெனா தொலைக்காட்சிக்குப் பின்னாலேயே கிடந்துவிடுகிறது. நல்ல ஆர்ஜி6 கேபிளில் பத்து மீட்டருக்குச் சுமார் 2 டெசிபெல் இழப்பு. இரண்டு கான்கிரீட் சுவர்களுக்குப் பின்னால் ஆன்டெனாவை வைப்பதால் ஏற்படும் இழப்போடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

கேபிளின் இரு முனைகளையும் பாருங்கள். தொலைக்காட்சிகளில் பெரும்பாலும் வழவழப்பான, அழுத்திச் செருகும் துளை இருக்கும். சில பெட்டிகளிலும் ஆன்டெனாக்களிலும் மரை போட்டுத் திருகும் வகை இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் சிறிய இணைப்பியைக் கூடவே வாங்கிவிட்டால் இரண்டாவது தடவை கடைக்கு அலைய வேண்டியதில்லை.

ஊரிலிருந்து கொண்டுவந்த கருவியின் பிளக் உருண்டைக் கம்பி வகையாக இருக்கும், இங்குள்ள சுவரில் தட்டையான மூன்று கம்பி வகை. பிளக் அடாப்டர் வாங்கும்போது சிங்கப்பூரின் பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். மின்னழுத்தம் இரு இடங்களிலும் 230 வோல்ட்தான் என்பதால் அதில் சிக்கல் இல்லை.

4. சுவரில் உள்ள துளையை ஒரே ஒரு தடவை சோதியுங்கள்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் வரவேற்பறைச் சுவரில் தொலைக்காட்சிக்கான ஒரு துளை இருக்கும். அதைப் பார்த்தவுடன் "இதில் செருகினால் வந்துவிடும்" என்று தோன்றுவது இயல்பு. பெரும்பாலான வீடுகளில் அது கேபிள் தொலைக்காட்சிக்காகப் போடப்பட்டது. ஸ்டார்ஹப் தன் கேபிள் சேவையை 2019 செப்டம்பர் 30-ஆம் தேதியுடன் நிறுத்தி ஃபைபருக்கு மாறிவிட்டது. பல வீடுகளில் அந்தத் துளைக்குள் இப்போது ஒன்றும் இல்லை.

சில கூட்டுரிமை (கொண்டோமினியம்) வீடுகளில் கூரையில் பொது ஆன்டெனா இருக்கும், அதன் இணைப்பு சுவர்த் துளைவரை வரும். நிர்வாக அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். இருக்கிறதென்றால் உங்கள் வேலை பாதி முடிந்தது: கேபிளைச் செருகிவிட்டு நேராக ஆறாம் படிக்குப் போகலாம். இல்லையென்றால் ஒரே ஒரு தேடல் செய்து பாருங்கள், வராவிட்டால் துளையை மறந்துவிடுங்கள். அதோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

5. ஜன்னலைக் கண்டுபிடியுங்கள்

வழிகாட்டியின் உயிர்நாடி இந்தப் படிதான். இங்கே செலவிடும் அரை மணி நேரம், விலை உயர்ந்த எந்தக் கருவியையும்விட அதிகம் தரும்.

முதலில் திசை. முதன்மை ஒளிபரப்புக் கோபுரம் தீவின் மேற்குப் பகுதியில், புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறது. கைப்பேசியின் வரைபடத்தில் உங்கள் வீட்டையும் புக்கிட் பாத்தோக்கையும் பார்த்து மனத்தில் ஒரு கோடு போடுங்கள். தெம்பனிசிலும் பிடோக்கிலும் இருப்பவர்களுக்கு அது மேற்கு. ஈசூனிலிருந்து தென்மேற்கு. உட்லண்ட்ஸிலிருந்து ஏறக்குறைய தெற்கு. ஜூரோங் வெஸ்ட் வாசிகளுக்குக் கிழக்கு. அந்தத் திசையைப் பார்க்கும் ஜன்னல் எது என்று வீட்டைச் சுற்றி வந்து குறித்துக்கொள்ளுங்கள். வரவேற்பறையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அடுக்களை ஜன்னலாகவும் இருக்கலாம்.

அந்தத் திசையில் ஜன்னலே இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். எதிர்ப் புளோக்கின் சுவரில் பட்டுத் திரும்பி வரும் அலையையும் டிவிபி-டி2 நன்றாகவே கையாளும். ஒரே அலை சற்றுத் தாமதமாக இன்னொரு தடவை வந்து சேர்ந்தாலும் குழம்பாதிருக்கும்படி வடிவமைக்கப்பட்ட முறை இது. திறந்த வெளியைப் பார்க்கும் ஜன்னல் இரண்டாவது தேர்வு. உயரமான புளோக்கைப் பார்க்கும் ஜன்னல் மூன்றாவது.

தவிர்க்க வேண்டிய இடங்களும் உண்டு. புதிய வீவக வீடுகளில் உள்ள வெடிகுண்டுப் புகலறையின் தடித்த சுவர் அலையை விடாது. அதன் சுவரை ஒட்டி வைத்தாலும் ஒரு பக்கம் மறைந்துவிடும். வெயிலைத் தடுக்க ஒட்டும் ஜன்னல் பிலிம்களில் சிலவற்றில் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும், அந்தக் கண்ணாடி அலைக்கு ஒரு திரையாகிவிடும். நெருக்கமான கம்பி போட்ட கிரில்லும் அப்படித்தான். கண்ணாடியைத் திறந்து வைத்தும் மூடி வைத்தும் ஒப்பிட்டுப் பார்த்தால் எது தடுக்கிறது என்பது தெரிந்துவிடும். ஆன்டெனாவுக்கும் ஜன்னலுக்கும் இடையே மின்விசிறி சுற்றினால், அதன் இறக்கைகள் அலையை வெட்டி வெட்டி விடும். விசிறியைப் போட்டால் மட்டும் படம் சிதறுகிறது என்றால் காரணம் இதுதான்.

ஆன்டெனாவை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடாதீர்கள். ஏசி மேடையிலோ பொது நடைபாதைச் சுவர் மேலோ வைக்காதீர்கள். காற்றில் அது விழுந்தால் கீழே நடப்பவரின் உயிருக்கே ஆபத்து. உயரத்திலிருந்து பொருள் விழுவதைச் சிங்கப்பூர்ச் சட்டம் கடுமையாக எடுத்துக்கொள்கிறது. கண்ணாடிக்கு உட்புறம் போதும்.

இப்போது இடம் மாற்றுவதன் நுணுக்கம். யுஎச்எஃப் அலையின் நீளம் அரை மீட்டரைச் சற்று ஒட்டியது. 550 மெகாஹெர்ட்ஸில் கணக்கிட்டால் சுமார் 55 சென்டிமீட்டர். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் நேர் அலையோடு சேர்ந்து, அறைக்குள் வலுவான புள்ளிகளையும் செத்த புள்ளிகளையும் உண்டாக்கும். இரண்டு செத்த புள்ளிகளுக்கு இடைவெளி பாதி அலைநீளம், அதாவது 27 சென்டிமீட்டர் அளவு. அரைச் சாண் தள்ளி வைத்தால் ஒன்றும் வராத இடம் நன்றாக வரும் இடமாக மாறுவது இதனால்தான். ஜன்னலில் இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடம் பார்த்துவிட்டு "இங்கே வராது" என்று முடிவு கட்டாதீர்கள். அரைச் சாண் அளவாக நகர்த்துங்கள். படுக்கையாக வைத்துப் பாருங்கள், அதே இடத்தில் நிமிர்த்தியும் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்கும்.

தெம்பனிசில் ஒரு குடும்பத்துக்கு உதவப் போயிருந்தேன். ஆன்டெனா தொலைக்காட்சி மேசையின் பின்னால், சுவருக்கும் மரப்பலகைக்கும் நடுவில் கிடந்தது. "பெட்டி பழுதாக இருக்கும் அண்ணே, மாற்றித் தரச் சொல்லலாமா?" என்று கேட்டார் அந்த வீட்டுத் தம்பி. பெட்டியைத் தொடவே இல்லை. நீளக் கேபிளை மாட்டி, மேற்கே பார்த்த படுக்கையறை ஜன்னலின் மூலையில், கிரில் கம்பி முடியும் இடத்துக்குச் சற்று மேலே ஆன்டெனாவை நிமிர்த்திப் பிடித்தோம். அலையின் தரத்தைத் திரையில் காட்டும் பட்டை சிவப்பிலிருந்து பச்சைக்குப் போனது. கையைக் கீழே இறக்கினால் மறுபடி சிவப்பு. அந்த இடத்திலேயே டேப் போட்டு ஒட்டிய ஆன்டெனா இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

6. இணைத்துவிட்டு அமைப்புகளைச் சரிசெய்யுங்கள்

மின்சாரம் நின்ற நிலையில் எல்லாக் கேபிள்களையும் மாட்டுங்கள். ஆன்டெனாவிலிருந்து பெட்டிக்கு கோஆக்சியல், பெட்டியிலிருந்து தொலைக்காட்சிக்கு எச்டிஎம்ஐ. தொலைக்காட்சியிலேயே டி2 ட்யூனர் இருந்தால் ஆன்டெனாவை நேராக அதில் செருகுங்கள், பெட்டி தேவையில்லை. கோஆக்சியல் முனையின் நடுக் கம்பி வளைந்திருக்கிறதா, வெளிப்பின்னலின் ஒரு நூல் நடுக் கம்பியைத் தொடுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தொட்டால் அலை முழுவதும் அங்கேயே இறந்துவிடும்.

பிறகு மெனு. தேடலைத் தொடங்கும் முன் மூன்று விஷயங்களை அமையுங்கள்.

நாடு: சிங்கப்பூர். இதைப் பொறுத்துத்தான் பெட்டி எந்த அலைவரிசைகளில், எந்த அகலத்தில் தேட வேண்டும் என்று முடிவு செய்கிறது. இங்கே ஒவ்வொன்றும் 8 மெகாஹெர்ட்ஸ் அகலம். வேறு நாடு போட்டிருந்தால் பெட்டி சேனலைத் தாண்டிப் போய்விடலாம். சிங்கப்பூர் பட்டியலில் இல்லாத மாடல் என்றால் மலேசியாவைப் போட்டுப் பாருங்கள்.

தேடும் முறை: ஆன்டெனா. கேபிள், செயற்கைக்கோள் என்ற வேறு தேர்வுகளும் திரையில் வரும். சுவரில் கேபிள் துளை இருக்கிறதே என்று கேபிளைத் தேர்ந்தெடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

நேரம்: உலக நேரத்தோடு எட்டு மணி கூட்டல். இந்தியக் கணக்கில் விட்டால் பெட்டியின் கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்தங்கி ஓடும். படம் பார்ப்பதில் தெரியாது. யுஎஸ்பியில் பதிவு செய்ய நேரம் குறித்து வைத்தால், வேறொரு நிகழ்ச்சி பதிவாகியிருப்பதைக் காண்பீர்கள்.

மெனுவில் "ஆன்டெனா பவர்" என்று 5 வோல்ட் தேர்வு ஒன்று இருக்கும். பெருக்கி உள்ள ஆன்டெனா, கேபிள் வழியாகவே மின்சாரம் எடுக்கும் வகை என்றால் மட்டும் அதை இயக்குங்கள். யுஎஸ்பியில் தனியாக மின்சாரம் எடுக்கும் வகைக்கும் பெருக்கி இல்லாத வகைக்கும் அது அணைந்திருக்க வேண்டும். சில சாதாரண ஆன்டெனாக்களில் உட்புறக் கம்பி வளையம் நேர்மின்சாரத்துக்குக் குறுக்குச்சுற்றாக அமையும், பெட்டி பிழைச் செய்தி காட்டும்.

7. முதல் தேடல், இடம் பிடித்தல், கடைசித் தேடல்

ஐந்தாம் படியில் தேர்ந்தெடுத்த ஜன்னலில் ஆன்டெனாவைத் தற்காலிகமாக வைத்து ஒரு தானியங்கித் தேடல் செய்யுங்கள். ஒரு சேனல் கிடைத்தாலும் போதும். இதன் நோக்கம் பட்டியல் தயாரிப்பதல்ல, அளந்து பார்க்க ஓர் அலையைப் பிடிப்பது. தேடலை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்கள் வீணாகும், எந்த இடம் நல்லது என்பதும் தெரியாது.

ஒரு சேனல் வந்ததும் ரிமோட்டில் தகவல் பொத்தானை அழுத்துங்கள். சில பெட்டிகளில் இரண்டு தடவை அழுத்த வேண்டும். வலிமை, தரம் என்று இரண்டு பட்டைகள் தெரியும். நீங்கள் பார்க்க வேண்டியது தரம். வலிமை நிறைய இருந்தும் தரம் இல்லாமல் போகலாம், இரைச்சலும் வலிமைக் கணக்கில் சேரும். பெருக்கி வைத்ததும் வலிமைப் பட்டை எகிறுவதைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் படம் ஏன் சிதறுகிறது என்று புரியாமல் திகைப்பதும் இதனால்தான். பட்டையின் சதவீதம் பெட்டிக்குப் பெட்டி மாறும். நண்பர் வீட்டு எண்ணோடு ஒப்பிடாதீர்கள், உங்கள் வீட்டிலேயே ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிடுங்கள்.

ஒருவர் ஜன்னலருகே ஆன்டெனாவைப் பிடிக்க, மற்றவர் திரையைப் பார்த்துச் சொல்வதே எளிய வழி. அரைச் சாண் நகர்த்தியதும் கையை எடுத்துவிட்டு ஐந்து விநாடி காத்திருங்கள். பட்டை மாறச் சற்று நேரம் எடுக்கும். கை பட்டுக்கொண்டிருந்தால் உடம்பே ஆன்டெனாவின் பகுதியாகிவிடும், கையை எடுத்ததும் எல்லாம் போய்விடும்.

ஆறு சேனல்களும் ஒரே அலைவரிசையில் வருவதில்லை. கூட்டங்களாகப் பிரித்து வெவ்வேறு அலைவரிசைகளில் அனுப்புகிறார்கள். சேனல் 5-க்கு நல்ல இடம் வசந்தத்துக்குச் சுமாரான இடமாக இருக்கலாம். அதனால் இடத்தை உறுதி செய்யும் முன் வசந்தம், சேனல் 5, சிஎன்ஏ என்று மாற்றி மாற்றித் தரத்தைப் பாருங்கள். ஒன்றுக்கு உச்சமும் மற்றொன்றுக்கு விளிம்புமாக இருக்கும் இடத்தைவிட, எல்லாவற்றுக்கும் நடுத்தரமாக இருக்கும் இடமே நல்லது.

டிஜிட்டலில் விளிம்பு என்பது ஆபத்தான இடம். அனலாக் காலத்தில் அலை குறைந்தால் புள்ளி புள்ளியாக வரும், குரலாவது கேட்கும். இதில் அப்படியில்லை. ஓர் அளவுவரை கண்ணாடி போலத் தெளிவாக வரும், அதற்குக் கீழே இறங்கினால் கட்டம் கட்டமாக உடைந்து கறுப்பாகிவிடும். இப்போது படம் அருமையாக இருக்கிறது என்பதால் இடம் சரி என்று ஆகாது. தரப் பட்டை தாழ்வாக இருந்தால் மாலையில் எல்லோரும் வீட்டுக்கு வந்து விளக்குகளும் கருவிகளும் ஓடத் தொடங்கும்போது அது உடையும்.

இடம் உறுதியானதும் டேப்போ ஒட்டுப்பட்டையோ போட்டு நிலைநிறுத்துங்கள். வாடகை வீட்டில் துளையிடும் முன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். புகலறைச் சுவரில் துளையிடாமல் விட்டுவிடுங்கள். கேபிளைச் சுவரோரமாக ஓட்டி, கதவில் நசுங்காதபடி பாருங்கள். அதன் பிறகு பட்டியலை முழுவதும் அழித்துவிட்டுக் கடைசித் தேடலை ஓட்டுங்கள். ஆறு சேனல்களும் வந்துவிட்டனவா என்று எண்ணிப் பாருங்கள். வசந்தத்தை விருப்பப் பட்டியலில் முதலிடத்தில் வையுங்கள்.

8. வடக்கே இருப்பவர்களுக்கு: ஜோகூர் அலைகள்

உட்லண்ட்ஸ், செம்பவாங், ஈசூன் பக்கம் தேடினால் மலேசியச் சேனல்களும் பட்டியலில் நுழையலாம். அங்கும் 2019 அக்டோபரில் தீபகற்பம் முழுவதும் அனலாக் நின்றது, இப்போது அங்கும் டிவிபி-டி2தான். தமிழ்ச் செய்தி ஒளிபரப்பும் டிவி2 அவற்றுள் ஒன்று என்பதால் நம்மவர்களுக்கு அதில் ஆர்வம் உண்டு. ஜோகூருக்கான முக்கியக் கோபுரம் குனோங் பூலாய் மலையில் இருக்கிறது. உட்லண்ட்ஸிலிருந்து அது வடமேற்கு, புக்கிட் பாத்தோக் தெற்கு. ஒரே ஆன்டெனாவால் இரண்டையும் நன்றாகப் பிடிப்பது கடினம்.

முதலில் சிங்கப்பூர்ச் சேனல்களை ஏழாம் படியின்படி உறுதி செய்துவிடுங்கள். பிறகு ஆன்டெனாவை மறுபக்கம் திருப்பி, தானியங்கித் தேடலை அல்ல, "சேர்க்கும் தேடல்" அல்லது கைமுறைத் தேடலை ஓட்டுங்கள். தானியங்கித் தேடல் பல பெட்டிகளில் பழைய பட்டியலை அழித்துவிடும். இரு நாட்டுச் சேனல்களுக்கும் ஒரே எண் வந்து மோதினால், மெனுவில் தானாக எண் வரிசைப்படுத்தும் தேர்வை நிறுத்திவிட்டு நீங்களே வரிசைப்படுத்துங்கள். தெற்கிலும் கிழக்கிலும் இருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

9. கோளாறு வந்தால் எங்கே பார்ப்பது

ஒரு சேனல்கூட வரவில்லையா? ட்யூனர் டி2 தானா, தேடும் முறை ஆன்டெனாவா, கேபிள் முனை சரியா என்று இந்த வரிசையில் பாருங்கள். மூன்றும் சரி என்றால் வேறொரு ஜன்னலுக்குப் போங்கள்.

சில சேனல்கள் மட்டும் வந்து வசந்தம் வரவில்லை என்றால், அந்த அலைவரிசைக்கு ஆன்டெனா செத்த புள்ளியில் இருக்கிறது. அரைச் சாண் நகர்த்துவதுதான் மருந்து, புதிய பெட்டி அல்ல.

நேற்றுவரை வந்தது இன்று சிதறுகிறதா? புதிதாக என்ன வந்தது என்று வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஆன்டெனாவின் அருகே வைத்த இணைய ரௌட்டர், மலிவான எல்இடி விளக்கு, கைப்பேசி சார்ஜர் ஆகியவை இரைச்சல் கிளப்பும். ஒவ்வொன்றாக அணைத்து, தரப் பட்டையைப் பாருங்கள். மழையைக் குறை சொல்லாதீர்கள். ஊரில் டிஷ் வைத்திருந்தவர்களுக்கு மழை பெய்தால் படம் போகும் என்ற பழக்கம் இருக்கும். செயற்கைக்கோள் அலையின் நீளம் வெறும் இரண்டு மூன்று சென்டிமீட்டர், அதை மழைத்துளி குடித்துவிடும். யுஎச்எஃப் அலை மழையைப் பொருட்படுத்துவதே இல்லை.

இரண்டு அறைகளுக்கும் வேண்டுமென்று கேபிளைப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பாதிக்கும் குறைவான அலையே போகும். ஜன்னலில் தரம் தாராளமாக இருந்தால் தாங்கும். விளிம்பில் இருந்தால் இரண்டு அறையிலும் படம் போய்விடும், அப்போது இரண்டாவது அறைக்குத் தனி ஆன்டெனா வையுங்கள்.

10. அறை மட்டும் வாடகைக்கு எடுத்தவர்களுக்கு

ஒரே ஜன்னல், அதுவும் எதிர்ப் புளோக்கைப் பார்த்தது என்ற நிலையில் பலர் இருக்கிறார்கள். கடையில் பெட்டியை வாங்கும் முன், டி2 ட்யூனர் உள்ள தொலைக்காட்சியோ பெட்டியோ வைத்திருக்கும் நண்பரிடம் இரவல் வாங்கி அந்த ஜன்னலில் சோதித்துப் பாருங்கள். அரைச் சாண் அளவாக நகர்த்தியும் தரம் ஏறவில்லையென்றால் பணத்தை வீணாக்காமல் மீடியாகார்ப்பின் மீவாட்ச் செயலிக்குப் போய்விடுங்கள். வசந்தம் நேரலையாக அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. பெரிய திரையில் வேண்டுமென்றால் ஸ்மார்ட் தொலைக்காட்சிகள் பலவற்றில் அந்தச் செயலியை நேரடியாகவே நிறுவலாம்.

பெற்றோருக்காக அமைப்பவர்கள் கடைசியாக ஒன்று செய்யுங்கள். பெட்டியின் மெனுவில் "இயக்கியதும் வர வேண்டிய சேனல்" என்ற தேர்வு இருந்தால் அதில் வசந்தத்தைக் குறியுங்கள். தொலைக்காட்சியை இயக்கும்போது தானாகவே பெட்டியின் எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு மாறும் வசதியையும் இயக்கி வையுங்கள். பெட்டியின் ரிமோட்டில் மின்பொத்தான், ஒலி, எண்கள் தவிர மற்றவற்றின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். தவறிப்போய்த் தேடல் பொத்தானை அழுத்திப் பட்டியலை அழித்துவிடுவது பகலில் வீட்டில் தனியாக இருப்பவர்களுக்கு அடிக்கடி நேர்வது, மாலையில் நீங்கள் வரும்வரை அவர்களால் அதைச் சரிசெய்ய முடியாது.